கூரை போட்ட ரோடு

வெள்ளைக்காரன் ஆண்ட தேசங்கள் எத்தனையோ. அத்தனை தேசங்களையும் சல்லடை போட்டுத் தேடினாலும், அரசாங்க ரோட்டின் நடுவில் கட்டில் போட்டு, நுளம்புவலை கட்டி, நிம்மதியாக நித்திரை கொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் ரோட்டு நானா. பொலிஸ் அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்கும்படி அவரே எழுதிக் கேட்ட பிறகும் பிடிக்கவில்லை.

இது நடந்தது கண்டியை அடுத்த ஒரு சின்னப் பட்டணத்தில். பெயரைச் சொல்லமாட்டேன். அந்தக் காலத்துப் பட்டணசபை அங்கத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். காலம், முப்பதுகளின் தொடக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு சிபார்சுக் கடிதமுமாக வந்து, அந்தப் பட்டணத்துச் சபைக் கந்தோரில், ரோடுகளைக் கவனிக்கும் பகுதியில், கடைசிக் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். தங்க இடமில்லை. கடைத்தெருவில் குடை விற்றும் பழைய குடை திருத்தியும் பிழைக்கிற ஒரு முஸ்லிம் நானாவின் வீட்டில் முன்னறை ஒன்று சும்மா கிடக்கிறது என்றார்கள். போனேன்.

நெட்டையான மனிதர். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. அவர் பேசும்போது அதன் குஞ்சமும் கூடவே ஆடி, சொன்னதை எல்லாம் ஆமோதிக்கும். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, எனக்கே தெரியாத சொந்தக்காரர் போலும் என்று நினைத்துவிட்டேன்.

“சபைக் கந்தோரா? அப்ப வாங்க தம்பி. நீங்க மத்தாள்ட ஊட்டுல தங்கப் போறல்ல. ஒங்கட ரோட்டுலதான் தங்கப் போறீங்க.”

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முன் ஹோலின் சீமெந்துத் தரையில், குறுக்கே, கையகலத்தில் ஒரு சிவப்புக் கோடு. அது ஹோலைக் கடந்து, சுவரில் ஏறி இறங்கி, எனக்குத் தருவதாகச் சொன்ன அறைக்குள்ளும் நுழைந்து, கட்டிலுக்கு அடியால் போய், யன்னல் வழியாக வெளியே குதித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் ரோடு என்றார் நானா. கட்டிலில் படுத்தால் என் தலை வீட்டில் இருக்கும். கால் ரோட்டில் கிடக்கும். வாடகை குறைவு என்பதால் காலை மன்னித்துவிட்டேன்.

அந்தக் கோட்டின் கதை இதுதான். எங்கள் சந்தில் ஒரு மாட்டுவண்டில் வந்தால் மனிதர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்து ஏறி முடிகிற மேட்டில், துரைமார் டென்னிஸ் ஆடுகிற கிளப் ஒன்று இருந்தது. சந்தை அகலமாக்கி நேராக்கினால் பொதுமக்களின் மோட்டார் கார்கள் மேலே போய்வர வசதியாக இருக்கும் என்று சபை தீர்மானித்தது. பொதுமக்களில் மோட்டார் காரும் வைத்திருந்து டென்னிஸும் ஆடியவர் அப்போது சபையின் சேர்மன் துரை ஒருவர்தான். ஆனாலும் அவரும் பொதுமக்களில் சேர்த்திதானே. சர்வேயர் வந்து அளந்தார். நானாவின் வீட்டுக்கு இரு புறமும் முளைக்கட்டை அடித்தார். படத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு கீறினார். அதற்குப் பெயர் தெருக்கோடு. கோட்டுக்குள் அகப்பட்ட நிலத்தைச் சபை ‘உரிய காலத்தில்’ எடுத்துக்கொள்ளும். அதுவரை சொந்தக்காரர் அதில் புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது. பழையதைத் திருத்தவும் கூடாது.

உரிய காலம் வரவேயில்லை. நிலம் எடுக்கச் சபையிடம் காசு இல்லை. கோடு போடுகிற அளவுக்கு மை மட்டும்தான் இருந்தது. நானாவின் வீட்டு முன்பாதி, வீடாகவும் இல்லாமல் ரோடாகவும் ஆகாமல், மலைநாட்டு மழையில் வருஷக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது.

நானா முதலில் மரியாதையாகத்தான் கேட்டாராம். முன்கூரையில் ஓடுகள் உடைந்துவிட்டன, மாற்றுவதற்கு அனுமதி தரவும் என்று ஒரு பெட்டிசம். சபை பதில் அனுப்பியது. மேற்படி இடம் தெருவாகையால், தெருவுக்குக் கூரை போட அனுமதிப்பதற்கு விதியில்லை.

வேறொருவராக இருந்தால் நாலு பேரைத் திட்டிவிட்டு, நாலு ஓட்டைக் களவாக மாற்றியிருப்பார். நானா அந்தப் பதிலை ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்து கேட்டார். மறுபடியும் வாசிக்கச் செய்து கேட்டார். பிறகு எழுந்து கடைத்தெருவுக்குப் போய் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து, முளைக்கு முளை கயிறு பிடித்து, தன் வீட்டுத் தரையில் தானே கோடு கீறினார். தெரு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், நாம் என்னத்துக்கு இல்லை என்று சொல்லவேண்டும் என்று மனைவியிடம் கேட்டாராம். அன்றுமுதல் அவர் சபையை எதிர்ப்பதை விட்டுவிட்டார். சபை சொன்னதை அப்படியே நம்பத் தொடங்கினார். சபைக்கு அதைவிடப் பெரிய தொல்லை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ரோடு என்றால் கூட்டவேண்டும். சபையின் ரோட்டில், என் அலுமாரிக்கு முன்னால், கிழமைக்கணக்காகக் குப்பை கிடக்கிறது. கூட்டுவதற்கு ஆள் அனுப்பவும் என்று ஒரு பெட்டிசம். ரோடு என்றால் விளக்கு வேண்டும். சபையின் ரோட்டில் பின்னேரமானால் இருட்டு. நேற்று என் மனைவி கதிரையில் தடக்கி விழுந்தாள். லாம்புக் கம்பம் ஒன்று நடவும் என்று இன்னொன்று. மழை தொடங்கியதும், சபையின் ரோட்டில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று சுகாதாரப் பகுதிக்கு ஒன்று. ஒன்றுக்கும் அசைவில்லாமல் போகவே, ஒருவன் தினமும் பொதுத் தெருவில் கட்டில் போட்டுப் படுத்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்கிறான், அவனைப் பிடித்து வழக்குப் போடவும் என்று பொலிசுக்கு எழுதினார். ஆசாமி யார் என்று சொல்லவேண்டிய இடத்தில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் பிழையில்லாமல் போட்டிருந்தார்.

இதற்குள் என் பாடு ஒன்று இருந்தது. நானாவுக்கு எழுத வராது. நான் குடிவந்த பிறகு காலையில் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். பத்து மணிக்குக் கந்தோரில் அதே கடுதாசி என் மேசைக்கே வந்து சேரும். பெரிய கிளாக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, பதிலையும் நானே எழுதுவேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து அதை நானாவுக்கு வாசித்துக் காட்டுவதும் நான். இப்படி எனக்கு நானே எழுதி எனக்கு நானே மறுமொழி போட்டு, இரண்டு பக்கத்திலும் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினேன். பெரிய கிளாக்கருக்கு ஒரு தடவை சந்தேகம் தட்டியது. குடைக்காரனின் பெட்டிசமும் உம்முடைய பதிலும் ஒரே கையெழுத்து மாதிரி இருக்கிறதே என்றார். யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் எல்லாருக்கும் எழுத்து இப்படித்தான் இருக்கும் என்றேன். அவரும் யாழ்ப்பாணத்தார். பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மழை நாட்களில் அந்த வீட்டைப் பார்க்கவேண்டும். மற்ற வீடுகளுக்குப் போகிறவர்கள் வாசலில் குடையை மடக்குவார்கள். நானா வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் குடையை விரிப்பார்கள். குடை இல்லாதவர்களுக்கு நானா ஒன்று தருவார். ஒழுக்கு விழும் இடங்களில் எல்லாம் விரித்த குடைகளைக் கூரை வளையில் தொங்கவிட்டிருப்பார். நானும் பெட்டிக்கு மேல் ஒரு குடை, கட்டிலுக்கு மேல் ஒரு குடை என்று செழிப்பாக வாழ்ந்தேன். ஊருக்கெல்லாம் குடை விற்கிறவரின் வீடு இப்படி ஒழுகுகிறதே என்று யாராவது அனுதாபப்பட்டால், ஒழுகுவது தன் வீடு இல்லை, சபையின் ரோடு என்று திருத்துவார்.

எதிர்ப்பக்கத்தில் மீனாச்சியின் ஆப்பக்கடை. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் போன பிறகு மலையை விட்டு இறங்கிவந்து, சந்தோரத்தில் ஓர் ஒற்றையறை வீட்டை வாங்கி, வாசலில் அடுப்பு மூட்டிப் பிழைத்தாள். அவளுடைய ஆப்பம் பஞ்சு, வாய் அரிவாள். நானாவுக்கு ‘ரோட்டு நானா’ என்று பேர் வைத்தவளே அவள்தான். தினமும் காலையில் அடுப்பை விசிறிக்கொண்டே, இன்றைக்கு ரோட்டில் போக்குவரத்து எப்படி என்று எதிரே கேட்பாள். நானா சிரிக்காமல், ஒரு கோழியும் இரண்டு பூனையும் போயின, கோழி பிழையான பக்கத்தால் போனது என்று பதில் சொல்வார். அவளுடைய அடுப்புப் புகை நேரே நானாவின் ஹோலுக்குள் வரும். அதுபற்றி அவர்களுக்குள் ஓயாத சண்டை. ரோட்டில் புகை வந்தால் சபையிடம் சொல்லுங்கள் என்பது அவள் கட்சி.

இப்படி இருக்கையில் ஒரு சந்தை நாள் காலை, பெருமழைக்கு ஒதுங்கி, கட்டாக்காலி எருது ஒன்று படியேறி வந்து முன் ஹோலில் படுத்துவிட்டது. கறுப்பு எருது, கொம்பு இரண்டும் கூரையைத் தொடுகிற மாதிரி. நானாவின் மனைவி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானா தடுத்துவிட்டார்.

“ரோட்டுல படுத்த மாட்ட வெரட்ட நாம ஆரு? அதுக்கு சபை ஈக்கிது.”

சபைக்கு ஆள் போனது. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்கிறவர் கயிற்றோடு வந்து படியில் நின்றார். ரோட்டில் நிற்கும் மாட்டைப் பிடிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பிறர் வீட்டுக்குள் நுழைய அதிகாரம் இல்லை. அவர் ரோட்டு வேலையை மேற்பார்க்கிற ஓவசியரைக் கூப்பிட்டார். ஓவசியர் வந்து எருதைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். எருதின் முன்னங்கால்கள் வீட்டில் இருந்தன. மீதி எல்லாம் ரோட்டில். அவர் பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டார். பெரிய கிளாக்கர் மழையில் நனைந்தபடி யோசித்தார். மாட்டைப் பிடித்தால் இது ரோடு என்று சபை ஒப்புக்கொண்டதாகும். அப்படியானால் விளக்கும் வேண்டும், கூட்ட ஆளும் வேண்டும், நிலத்துக்கு விலையும் கொடுக்கவேண்டும். பிடிக்காமல் விட்டால் இது வீடு என்று ஒப்புக்கொண்டதாகும். அப்படியானால் கூரைக்கு அனுமதி கொடுக்கவேண்டும். அவர் என் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்டார். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

சந்து முழுவதும் கூடிவிட்டது. எருது நான் கந்தோருக்குப் போடுகிற கோட்டுச்சட்டையின் ஒரு கையை மென்றுகொண்டிருந்தது. மீனாச்சி ஒரு கூடை வாழைப்பழத்தோலைக் கொண்டுவந்து அதன் முன்னால் கொட்டினாள்.

“கந்தோரு ஐயாமாரு முடிவு எடுக்கிற வரைக்கும் வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கணுமா?” என்றாள்.

மத்தியானம் தாண்டி, எருதைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரர், ஒரு சிங்களக் கமக்காரர் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், எருதின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ‘யமு’ என்றார். சிங்களத்தில் ‘போவோம்’ என்று அர்த்தம். எருது எழுந்து அவர் பின்னால் போய்விட்டது. அன்று அந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தவர்கள் அந்த இரண்டு பேரும்தான்.

இந்தக் கதை கண்டிக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. டென்னிஸ் கிளப்பில் சேர்மன் துரையைப் பார்த்து மற்றத் துரைமார், எருது சுகமா என்று கேட்டார்களாம். துரைக்கு நானாவின் பேரைக் கேட்டாலே முகம் சிவக்கும் நிலைமை வந்துவிட்டது.

இவ்வளவும் வேடிக்கை. வேடிக்கை நின்ற நாளும் ஒன்று வந்தது.

நானாவுக்கு ஒரே மகள், சுபைதா. திகனவில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் வழக்கப்படி வீடு பெண்ணின் பேருக்கு எழுதப்படவேண்டும். வீட்டைப் பார்க்க மாப்பிள்ளையின் மாமா வந்தார். பெரிய மனிதர், தொந்தி, பொற்சங்கிலி. நானாவின் மனைவி அதற்கு முன்னே ஒரு புதுப் பாயை வாங்கிக் கோட்டை மறைத்து விரித்துவிட்டார். மாமா வந்து பாயில் உட்கார்ந்தார். நல்ல வேளையாக மழையும் இல்லை. பேச்சு முடிகிற நேரம், வீட்டில் வில்லங்கம் ஒன்றும் இல்லையே என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

நானா எழுந்து, மாமாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, பாயைச் சுருட்டினார்.

மாமா கோட்டைப் பார்த்தார். கதையைக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். “நாங்க ஊடு கேட்டம். நீங்க பாதி ஊடும் பாதி ரோடும் தாறீங்க,” என்றார். “கோடு போன பொறகு செல்லி அனுப்புங்க.”

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

மறுநாள் காலை நானா பெட்டிசம் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. மீனாச்சி எதிரே நின்று போக்குவரத்து விசாரித்தாள். பதில் வராததைக் கண்டு விசிறியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் நானா துவைத்த சாரம், கோட், தொப்பியோடு என்னைக் கூட்டிக்கொண்டு சேர்மன் துரையிடம் போனார்.

சேர்மன் துரை முன்னாளில் தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரையாக இருந்தவர். தமிழ் பேசுவார். வேலையாட்களை ஏவி ஏவிப் பழகிய தமிழ் ஆகையால் அதில் வா, போ, வெட்டு, எடு என்பவை தவிர வேறு வினைச்சொற்கள் அதிகம் இல்லை. மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் கட்டளை போலத்தான் இருக்கும். நானாவைக் கண்டதும் மேசையில் கிடந்த பேப்பர்வெயிட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் நானா அன்றைக்குச் சபையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகளைப் பற்றி மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அந்தத் தொப்பி இல்லாமல் அவரை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். தலை இவ்வளவு நரைத்திருந்தது எனக்குத் தெரியாது.

துரை பேப்பர்வெயிட்டைக் கீழே வைத்தார். அன்று பின்னேரமே மழையில் வந்து வீட்டைப் பார்த்தார். நானா கொடுத்த குடையை விரித்துக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றார். பிறகு வாசலுக்கு வந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் நல்ல வீடு. அந்தப் பக்கம் சின்ன வீடு. கோடு அந்தப் பக்கம் தள்ளு,” என்று உத்தரவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் கோடு தள்ளப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் குடியிருந்தவர்கள் எவருக்கும் சபைத் தேர்தலில் வாக்கு இல்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்ப்பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்று கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. சந்தோஷ மயக்கத்தில் எங்கள் வீட்டிலும் எவரும் கேட்கவில்லை.

நானா மண்ணெண்ணெயும் சாக்குத்துண்டும் கொண்டு கோட்டைத் தானே தேய்த்து அழித்தார். ஓடு மாற்றுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். திகனவுக்கு ஆள் போனது. அவர் மனைவி பெரிய சட்டியில் வட்டிலப்பம் அவித்து, சந்தில் ஒரு வீடு விடாமல் அனுப்பினார். மீனாச்சிக்கு மட்டும் தானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், இத்தனை வருஷம் பகிடி பண்ணியதற்கு இன்றைக்கு ஒரு பகிடி திருப்பிச் சொல்லவேண்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு நானா புறப்பட்டார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

மீனாச்சி அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், புதிதாகச் சீவிய முளைக்கட்டை ஒன்று அடித்திருந்தது. அவளுடைய வீட்டின் பின்சுவருக்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

“இதெல்லாம் ஒங்களுக்குத்தான் நானா தெரியும். என் வீடு பூராவும் கோட்டுக்குள்ள போயிருச்சாம். ஒங்களுக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதி வீடு இருந்திச்சு. எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நான் எங்கிட்டுப் போய் நிக்கிறது?”

அவள் குத்திக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர் என்று நம்பித்தான் கேட்டாள். சபையையும் பொலிசையும் பேச்சால் மடக்கிய மனிதர் குனிந்து அந்த முளைக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் திரும்பி வந்தோம். வருகிற வழி நாலு எட்டுத்தான். அதற்குள் அவர் கிழவராகிவிட்டார்.

ஓடு மாற்ற வந்தவர்களை அவர் மறுநாள் காலையில் திருப்பி அனுப்பிவிட்டார். மனைவி காரணம் கேட்டார். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, “தம்பி, கந்தோருக்குப் போற நேரந்தானே, சேந்து போவம்,” என்றார் என்னிடம்.

சேர்மன் துரை அவரைக் கண்டதும் நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்துச் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“தொரை, என்ட கோட்ட எனக்கே திருப்பித் தாங்க,” என்றார் நானா.

துரைக்குத் தன் தமிழில் சந்தேகம் வந்துவிட்டது. என்னை இங்கிலீஷில் விளக்கச் சொன்னார். விளக்கினேன். அதற்குப் பிறகு என் இங்கிலீஷில் சந்தேகம் வந்தது.

“நீ கேட்டே. நான் குடுத்தேன். இப்ப என்னா?”

“அழிச்சித் தாங்கண்டு கேட்டேன் தொரை. மத்தாள்ட அடுப்புல கொண்டுபோய்ப் போடுங்கண்டு கேக்கல்ல.”

சபை விளையாட்டுப் பிள்ளையா, இன்றைக்கு அங்கே நாளைக்கு இங்கே என்று கோட்டை மாற்றிக்கொண்டிருக்க என்று துரை சத்தம் போட்டார். நானா அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, கோடு வேண்டாம், ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தன் வீட்டு முன்பாதியைச் சபைக்குச் சும்மாவே எழுதித் தருவதாகவும், நாளைக்கே வந்து உடைக்கலாம் என்றும், ‘உரிய காலம்’ என்ற பேச்சு மட்டும் வேண்டாம் என்றும் சொன்னார். சும்மா என்ற சொல்லை மட்டும் துரை மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிக்கொண்டார்.

“அந்தப் பொம்பளை உனக்கு யாரு?” என்று கேட்டார் துரை.

“ஆருமில்ல தொரை. எதிரூடு.”

துரை பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், இந்தத் தீர்மானமும் ஏகமனதாகவே நிறைவேறியது.

வீட்டில் நடந்ததைச் சொல்லி முடியாது. நானாவின் மனைவி அழுதார், ஏசினார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். மகளுடைய வாழ்க்கையைத் தூக்கி ஆப்பக்காரியின் அடுப்பில் போட்டுவிட்டாரே என்று அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. சுபைதாதான் கடைசியில் கதவுக்குப் பின்னால் நின்று வாய் திறந்தாள். “வாப்பா பாயச் சுருட்டினப்பவே எனக்குத் தெரியும்,” என்றாள். அவள் கோபமாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

வருஷக்கணக்காக ஓர் ஓட்டை மாற்ற விடாத சபை, இலவசம் என்றதும் மண்வெட்டி, பாரை, வண்டில் என்று படையோடு வந்து இறங்கியது. நானா தானே ஏணியில் ஏறி ஓடுகளைக் கழற்றிக் கொடுத்தார். என் அறை ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது. நான் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். நானா பஸ் பிடித்துத் திகனவுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் திரும்பி வந்தார்.

மாப்பிள்ளையின் மாமா ஒரு கிழமை கழித்துத் தாமே வந்தார். சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் சந்தின் முகப்பில் நின்றுவிட்டார். முன்பு சந்து இருந்த இடத்தில் கல் பரப்பிய அகலமான ரோடு கிடந்தது. நானாவின் மிச்சப் பாதி வீடு, முகத்தைக் கழுவிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றது. மாமா ரோட்டின் மேற்புறம் பார்த்தார், கீழ்ப்புறம் பார்த்தார். வீட்டின் முகப்பைக் காலால் எட்டுப் போட்டு அளந்தார். எத்தனை தலைமுறை வியாபாரக் குடும்பம். இந்த இடத்தில் புடவைக்கடை போட்டால் கிளப்புக்குப் போகிற கார்கள்கூட நின்றுபோகும் என்றார். மற்றதை உள்ளே போய்ப் பேசுவோம் என்றார். சுபைதாவின் கலியாணத்தைச் சபை நிறுத்தியது, டென்னிஸ் நடத்திவைத்தது.

கலியாணத்துக்குப் பந்தல் போட இடமில்லாததால் ரோட்டிலேயே போட்டார்கள். அதற்குச் சபையிடம் அனுமதி கேட்டு ஒரு பெட்டிசம் எழுதவேண்டும் என்று நான் சொன்னேன். நானா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, இனி வேண்டாம் தம்பி என்றார். சேர்மன் துரையும் வந்து, புரியாணி தின்று, மாப்பிள்ளையைப் பார்த்து, நல்லா இரு என்று கட்டளையிட்டுவிட்டுப் போனார். அந்த ரோட்டால் அவர் கிளப்புக்கு அதிக காலம் போகவில்லை. முழங்காலில் வாதம் வந்து டென்னிஸை விட்டுவிட்டார்.

மீனாச்சி நன்றி என்று ஒரு சொல் சொன்னதை நான் கேட்கவில்லை. பழையபடி தினமும் காலையில் நானாவைப் பகிடி பண்ணினாள். அவளுடைய அடுப்பில் வேகிற முதல் ஆப்பம் மட்டும் ஒரு மூடிய தட்டில் ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போகத் தொடங்கியது. அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

சில வருஷங்களின் பின் எனக்கு யாழ்ப்பாணத்தில் வேறொரு கந்தோரில் வேலை கிடைத்தது. வந்துவிட்டேன். கலியாணம், பிள்ளைகள், வீடு கட்டுவது என்று நாட்கள் ஓடின. ஒரு நாள் சுபைதாவின் மாப்பிள்ளையிடமிருந்து தந்தி வந்தது. நானா மௌத்தாகிவிட்டார். கண்டிக்குப் போய்வர லீவு கேட்டேன். எங்கள் மேலதிகாரி கண்டிப்பான மனிதர். சொந்தத்தில், அதுவும் நெருங்கிய சொந்தத்தில் செத்தால்தான் லீவு தருவார். செத்தவர் உமக்கு என்ன முறை என்று கேட்டார்.

முஸ்லிம் வீடுகளில் நானா என்று கூப்பிடுவது கூடப்பிறந்த மூத்தவரை.

“அண்ணை,” என்றேன்.